முதல் வெப்சைட்: வெள்ளிக்கொலுசு கேட்டலாக். குறை சொல்லுங்க, திருத்திக்கிறேன்

#1 பட்டறைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கங்க. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூணையும் நாலு மாசமா படிக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒண்ணுக்குக் கொலுசு கேட்டலாக் பக்கம் செஞ்சு கிட்ஹப் பேஜஸ்ல (இலவசமா வெப்சைட் வைக்கிற இடம்) போட்டிருக்கேன். மொத்தம் மூணே ஃபைல். லைப்ரரி எதுவும் சேர்க்கல.

உள்ள என்ன இருக்கு: 18 டிசைன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம். மேல தேடுற பெட்டி. பிடிச்சதை நட்சத்திரம் போட்டு வச்சுக்கலாம், அது பிரவுசருக்குள்ளயே லோக்கல் ஸ்டோரேஜ்ல சேரும். கீழ விலைக் கணக்கு: எடை, கிராம் விலை, செய்கூலி போட்டா 3 சதவீத ஜிஎஸ்டியோட மொத்தம் வரும். கிராம் விலையை ஒரு ஏபிஐ (வேற தளத்துல இருந்து விவரம் எடுக்கிற வழி) கொண்டுவந்து நிரப்பும், வேணும்னா மாத்திக்கலாம். கடைசியா வாட்ஸ்அப்ல கேட்க ஒரு பட்டன்.

என் லேப்டாப்ல எல்லாமே ஓடுது. வேற எங்கயும் சரியா ஓடலைன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ஒளிவுமறைவு வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்க.

#2 தட்டுவடைசெட்

எடை 85 கிராம். கிராம் விலை ஒரு பேச்சுக்கு 100. செய்கூலி 600. கணக்கிடு அமுக்கினா ஒரு ஜோடி கொலுசு 87,55,618 ரூபாய்னு வருதுங்க. இ.எம்.ஐ. வசதி உண்டா?

#3 குகைவாசி

சிரிப்பு இருக்கட்டும், அந்த 87 லட்சம் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடலாம். இந்தத் தப்பைச் செய்யாம யாரும் ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கிட்டதில்ல.

இன்புட் பெட்டியோட வேல்யூவை எடுத்தா வர்றது எண் இல்ல, எழுத்துச்சரம். பெட்டியோட டைப்பை நம்பர்னு வச்சாலும் அப்படித்தான். நட்சத்திரக் குறி போட்டுப் பெருக்கினா ஜாவாஸ்கிரிப்ட் தானா எண்ணா மாத்திக்கும், அதனால 85 பெருக்கல் 100 சரியா 8500 ஆச்சு. அடுத்து கூட்டல். கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் எழுத்து வந்துட்டா அது கூட்டாது, ஒட்டும். 8500-ம் "600"-ம் ஒட்டி "8500600" ஆயிடுச்சு. அதை 1.03 ஆல பெருக்குறப்போ மறுபடி எண்ணா மாறி 87,55,618. சரியான விடை 9,100-க்கு 3 சதவீதம் சேர்த்து 9,373.

உங்களுக்கு இது ஏன் கண்ணுல படல தெரியுமா? செய்கூலிப் பெட்டியை வெறுமனே விட்டுச் சோதிச்சிருப்பீங்க. வெறும் எழுத்தை ஒட்டினா "8500" அப்படியே நிக்கும், 8,755-னு நல்ல பிள்ளையா விடை வரும். அதனால சோதிக்கிறப்போ எல்லாப் பெட்டியையும் நிரப்பி ஒரு தடவை, ஒவ்வொண்ணா காலியா விட்டு ஒரு தடவை, பூஜ்ஜியம் போட்டு ஒரு தடவை, மைனஸ் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

திருத்தம்: மூணு வேல்யூவையும் எடுத்த உடனே நம்பர் ஃபங்ஷனுக்குள்ள விடுங்க. இதுல ரெண்டு பள்ளம் இருக்கு. காலிப் பெட்டியை நம்பருக்குக் கொடுத்தா 0 வரும். செய்கூலிக்கு அது சரி, எடைக்குத் தப்பு. எடை காலின்னா கணக்குப் போடாம "எடையைப் போடுங்க"ன்னு சொல்லி நிறுத்தணும். இன்னொண்ணு, நம்பருக்குப் பதிலா பார்ஸ்ஃப்ளோட் போட யாராவது சொல்வாங்க. டெக்ஸ்ட் பெட்டியில ஒருத்தர் கமா வச்சு 1,250-னு தட்டினா பார்ஸ்ஃப்ளோட் கமாவோட நின்னுட்டு 1-னு சொல்லும், தப்புன்னே காட்டாது. நம்பர் ஃபங்ஷன் அதையே நாட்-எ-நம்பர்னு முகத்துக்கு நேரா சொல்லிடும். பணக் கணக்குல வாயைத் திறந்து தப்புன்னு சொல்ற ஆளே நல்லது.

பணத்தைப் பைசாவா, முழு எண்ணா வச்சுக் கணக்குப் போடுங்க. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா 0.30000000000000004-னு வர்ற மொழி இது. காட்டுற இடத்துல மட்டும் நூறால வகுத்து, டூ-லோக்கேல்-ஸ்ட்ரிங்குக்கு இந்திய ஆங்கில லோக்கேலைக் கொடுத்தா 1,25,000-னு நம்ம கமா விழும். லோக்கேலைச் சொல்லாம விட்டா சில கம்ப்யூட்டர்ல 125,000-னு காட்டும்.

#4 அஞ்சுரோட்டான்

நல்ல முயற்சி. ஆனா இதெல்லாம் ரியாக்ட், டெயில்விண்டு மாதிரி ரெடிமேட் கருவிகளுக்கு மாத்திட்டா பாதிப் பிரச்சனை தானா போயிடும். இப்போ யாரு வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதறாங்க?

#5 லேடீஸ்சீட்

அஞ்சுரோட்டாரே, ரியாக்ட்ல எழுதினாலும் 8500-ம் "600"-ம் ஒட்டத்தான் ஒட்டும். 18 படம், ஒரு தேடல், ஒரு கணக்கு. இதுக்கு மூணு ஃபைல் போதும்.

நான் பார்த்தது ஃபோன்ல.

ஹெட் பகுதியில வியூபோர்ட் மெட்டா டேக் இல்ல. அது இல்லாட்டி ஃபோன் உங்க பக்கத்தை 980 பிக்சல் அகலத் திரைன்னு நினைச்சு விரிச்சு, அப்புறம் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு மாதிரி தெரியறது அதனாலதான். அகலம் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் 1-னு ஒரு வரி போதும். அதைப் போட்டதும் அடுத்த தப்பு வெளிய வரும்: வெளிப்பெட்டிக்கு விட்த் 1200 பிக்சல்னு ஆணி அடிச்சிருக்கீங்க. 360 பிக்சல் ஃபோன்ல பக்கவாட்டுல இழுத்து இழுத்துப் பார்க்கணும். விட்த்துக்குப் பதிலா மேக்ஸ்-விட்த் 1200 வையுங்க. டிசைன் காட்டுற கார்டுகளுக்கு கிரிட்ல ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ் 150 பிக்சல் முதல் 1 எஃப்ஆர் வரைன்னு கொடுத்தா ஃபோன்ல ரெண்டு ரெண்டா, லேப்டாப்ல ஆறு ஏழா தானா அடுக்கிக்கும். மீடியா க்வெரியே தேவைப்படாது.

கார்டு உயரத்தை 220-னு கட்டிப் போட்டதையும் எடுத்துடுங்க. பேர் ரெண்டு வரியா மடங்கினா விலை வெளிய தொங்குது. வரி உயரம் 1.2 இங்கிலீஷுக்குப் போதும். தமிழ்ல மேல புள்ளி, சுழி, கீழ "கூ", "ழு" வால் எல்லாம் இருக்கு, 1.6-க்குக் குறைய வேண்டாம். இன்புட் பெட்டி எழுத்து 13 பிக்சல் வச்சிருக்கீங்க. 16-க்குக் கீழ போனா ஐஃபோன்ல பெட்டியைத் தொட்டதும் பக்கமே பெருசாகி ஒரு பக்கமா ஒதுங்கும்.

இனி படம். ஃபோன்ல எடுத்ததை அப்படியே ஏத்தியிருக்கீங்க. 4000-க்கு 3000 பிக்சல், ஒவ்வொண்ணும் சராசரி 3.5 எம்பி. 18 படத்துக்கு 63 எம்பி. 2 எம்பிபிஎஸ் கிடைக்கிற இடத்துல 252 நொடி, அதாவது நாலு நிமிஷத்துக்கு மேல. ஏற்காட்டு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கே, சிக்னல் விட்டு விட்டு வர்ற அந்த ரோட்டுல பஸ்ல உட்கார்ந்து திறக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க. இறங்கற வரைக்கும் வெள்ளைக் கட்டம்தான். அந்த 4000 பிக்சல் படமும் கார்டுல 180 பிக்சல் அகலத்துலதான் உட்காருது.

ஸ்க்வூஷ்னு கூகுள் குரோம் டீம் போட்ட இலவசக் கருவி இருக்கு, பிரவுசர்லயே ஓடும். அகலம் 600, வடிவம் வெப்பி (WebP), தரம் 75. வெள்ளைத் துணி மேல வச்ச கொலுசுப் படம் சாதாரணமா 60 கேபி பக்கம் வந்துடும். 18-ம் சேர்ந்து 1 எம்பி சொச்சம். சலங்கை முத்துகள் மொழுமொழுன்னு ஆயிட்டா அந்தப் படத்துக்கு மட்டும் தரத்தை 82-க்கு ஏத்துங்க. வெள்ளியில மின்னுற புள்ளிகள்தான் முதல்ல அடி வாங்கும்.

இமேஜ் டேக்ல விட்த், ஹைட் ரெண்டும் எழுதுங்க. அது இல்லாததாலதான் படம் வர வர கார்டு எல்லாம் கீழ குதிக்குது. லோடிங் லேஸியை (கீழ நகர்த்தறப்போ மட்டும் படத்தைக் கொண்டுவர்றது) முதல் வரிசையைத் தவிர மத்ததுக்குப் போடுங்க. முதல் வரிசைக்கும் போட்டா கண்ணுக்கு முன்னாடி இருக்கிற படமே தாமதமாத்தான் வரும்.

#6 பட்டறைப்பொண்ணு

ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. 87 லட்சத்தைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, 7, 11, 12-ஆம் படம் என் லேப்டாப்ல வருது, ஆன்லைன்ல வரல. ரெண்டு, சில பேருக்குக் கொலுசு லிஸ்ட்டே வரலையாம், தலைப்பு மட்டும் தெரியுதாம். எனக்கு ஒரு தடவைகூட அப்படி ஆகல.

#7 குகைவாசி

படம்: உங்க லேப்டாப் விண்டோஸ். அதுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணு. கிட்ஹப் பேஜஸுக்கு வேற வேற. அந்த மூணு ஃபைலுக்கும் கேமரா வச்ச பேரு, கடைசி மூணு எழுத்து கேப்பிட்டல்ல இருக்கு. உங்க கோடுல ஸ்மால் லெட்டர். அதான் 404, ஃபைல் கிடைக்கலைன்னு வருது. எல்லா ஃபைல் பேரையும் ஸ்மால் லெட்டர்ல, இடைவெளி இல்லாம வையுங்க. பேரை மாத்துறப்போ விண்டோஸ்ல ஒரு சிக்கல் வரும்: எழுத்தோட அளவை மட்டும் மாத்தினா கிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற கருவி) அதைக் கவனிக்காம விட்டுடலாம். கிட் எம்வி கட்டளையால மாத்துங்க, இல்லாட்டி முதல்ல வேற பேர் வச்சு கமிட் பண்ணிட்டு (அதாவது கிட்ல பதிஞ்சுட்டு), திரும்ப சரியான பேருக்கு மாத்தி இன்னொரு கமிட் போடுங்க.

லிஸ்ட் வராதது: பிடிச்சதை லோக்கல் ஸ்டோரேஜ்ல இருந்து எடுத்து ஜேசன் பார்ஸ் பண்றீங்க, அதாவது எழுத்தை லிஸ்ட்டா மாத்தறீங்க. முதல் தடவையா திறக்கிறவங்க பிரவுசர்ல அங்க ஒண்ணும் இருக்காது, நல் (null, ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்) வரும். நல்லைப் பார்ஸ் பண்ணினாலும் நல்தான், எரர் வராது. அடுத்த வரியில அதோட லென்த்தைக் கேட்கறீங்க, அங்கதான் விழுது. ஸ்கிரிப்ட் நின்னுபோச்சு. கார்டு வரையற ஃபங்ஷன் அதுக்குக் கீழ இருக்கிறதால அது ஓடவே இல்ல. உங்க லேப்டாப்ல பழைய லிஸ்ட் இருக்கிறதால நீங்க இந்தப் பள்ளத்துல விழவே முடியாது. பார்ஸுக்குப் பக்கத்துல ரெண்டு கேள்விக்குறி போட்டு ஒரு காலி அரேயைக் கொடுங்க. ஒவ்வொரு தடவை ஏத்தினதும் இன்காக்னிட்டோ ஜன்னல்ல ஒரு முறை, எஃப்12 அமுக்கி கன்சோலைத் திறந்து வச்சுப் பாருங்க. சிவப்பு வரி இருந்தா அதை அப்படியே இங்க ஒட்டுங்க.

#8 மேட்டூர்தண்ணி

மத்ததெல்லாம் மெதுவா பார்க்கலாம், இது இன்னைக்கே பண்ண வேண்டியது. உங்க வெள்ளி விலை ஏபிஐ கீ (பாஸ்வேர்டு மாதிரி) ஸ்கிரிப்ட் ஃபைல்ல நாலாவது வரியில பளிச்சுன்னு இருக்கு. கோடு இருக்கிற ரெப்போவும் பப்ளிக்.

#9 பட்டறைப்பொண்ணு

ஐயோ. அழிச்சு கமிட் போட்டுட்டேன் அண்ணா. சரியா?

#10 மேட்டூர்தண்ணி

பத்தாதுங்க. பழைய கமிட்டைத் திறந்தா அங்க அப்படியே இருக்கும். கிட் எதையும் மறக்காது. ஏபிஐ தளத்துல உள்ள போய் அந்தக் கீயை ரத்து பண்ணிட்டு வேற கீ வாங்குங்க. ரத்து பண்ணிட்டா ஹிஸ்டரியில கிடக்கிறது வெறும் குப்பை, அதைத் துடைக்க மெனக்கெட வேண்டாம்.

புதுக் கீயை என்வ் ஃபைல்ல (ரகசியத்தைத் தனியா வைக்கிற ஃபைல்) வச்சா போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிரவுசர்ல ஓடுற கோடு எதுலயும் ரகசியம் தங்காது. நெட்வொர்க் டேபைத் திறந்தா கீ போறதைப் பார்த்துடலாம். கீயை மறைக்கணும்னா நடுவுல ஒரு சர்வர் வேணும். உங்களுக்கு அது இப்போ தேவையான்னு முதல்ல யோசிங்க.

#11 பட்டைக்கோவில்தெரு

நான் கோடு ஆள் இல்ல, வெள்ளி ஆள். தேவையான்னு கேட்டதால சொல்றேன்: தேவையே இல்லம்மா.

கடைக்காரர் காலையில ஒரு விலை வைப்பார், அதுதான் அன்னைக்கு விலை. உங்க பக்கம் நிமிஷத்துக்கு ஒரு விலை காட்டினா, "நெட்ல இப்படிப் போட்டிருக்கு"ன்னு வாடிக்கையாளர் வந்து நிப்பார். விலையை ஒரே ஒரு வரியில எழுதி வச்சு, பக்கத்துல தேதியைப் போடுங்க. தேதி இன்னைக்கு இல்லாட்டி "இது பழைய விலை, கேட்டுக்கொள்ளவும்"னு வரட்டும். காலையில அந்த ஒரு வரியை மாத்தறது ரெண்டு நிமிஷ வேலை.

அதோட இப்போ வர்ற விலையே தப்பு. ஏபிஐ டாலர்ல, அவுன்ஸ் கணக்குல கொடுக்குது. நீங்க 28.35 ஆல வகுக்கறீங்க. அது பலசரக்கு அவுன்ஸ். வெள்ளி, தங்கத்துக்கு டிராய் அவுன்ஸ், 31.1035 கிராம். கிராமுக்கு 9.7 சதவீதம் கூடக் காட்டுது. இதுல இறக்குமதித் தீர்வை, உள்ளூர் வித்தியாசம் எதுவும் சேரல, டச்சும் (வெள்ளியோட சுத்தம்) சேரல. அது சுத்த வெள்ளி விலை. 92.5 டச் கொலுசுக்கு அதையே போட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இன்னும் மூணு. "எடை"ன்னு மட்டும் இருக்கு. ஒத்தைக்கா, ஜோடிக்கா? "ஜோடி எடை, கிராமில்"னு எழுதுங்க. அளவு S, M, L வச்சிருக்கீங்க, கொலுசுக்கு அங்குலம்தான்: 9, 9.5, 10, 10.5, 11. திருகாணியா கொக்கியான்னு ஒரு வரி வேணும், குழந்தைக் கொலுசு வாங்கறவங்க முதல்ல கேட்கறதே அதுதான்.

#12 லேடீஸ்சீட்

S, M, L! இதை எங்க ஆளுங்க யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்.

படத்தைப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். ஃபோன் கேமராவுல லொக்கேஷன் ஆன்ல இருந்தா படத்துக்குள்ளயே ஜிபிஎஸ் பதிஞ்சிருக்கும். வெள்ளி இருக்கிற பட்டறையோட இடம் அப்படியே ஊருக்குத் தெரியும். விண்டோஸ்ல படத்தை ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் போய் ஜிபிஎஸ் பகுதி இருக்கான்னு பாருங்க. ஸ்க்வூஷ்ல சுருக்கினதையும் ஒரு தடவை இதே மாதிரி சரிபாருங்க. பழைய படங்களும் ரெப்போ ஹிஸ்டரியில இருக்கு. கீயை ரத்து பண்ணின மாதிரி பட்டறை இருக்கிற இடத்தை ரத்து பண்ண முடியாது. அதனால ரெப்போவை அழிச்சுட்டு, சுத்தமான படங்களோட புதுசா ஆரம்பிங்க. நாலு மாச கமிட் ஹிஸ்டரி போனாப் போகட்டும்.

#13 அஞ்சுரோட்டான்

சரி, ரியாக்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரே நாள்ல இத்தனை சொன்னா அந்தப் பிள்ளை எதைத்தான் பண்ணும்? முதல்ல கீயும் படமும், இன்னைக்கே. அடுத்தது விலைக் கணக்கும் லிஸ்ட் வராததும். அப்புறம் ஃபோன். மத்தது எல்லாம் அடுத்த வாரம். ஒரு குறைக்கு ஒரு கிட்ஹப் இஷ்யூ, ஒரு திருத்தத்துக்கு ஒரு கமிட். "எல்லாம் சரி பண்ணியாச்சு"ன்னு ஒரே கமிட் போட்டா நாளைக்கு எது எதைக் கெடுத்ததுன்னு தெரியாது.

சொல்றவங்களும் எந்த ஃபோன், எந்த பிரவுசர், எதை அமுக்கினீங்க, என்ன வந்துச்சுன்னு எழுதுங்க. தட்டுவடைசெட் எழுதின மாதிரி. மூணு எண், ஒரு விடை. குகைவாசி கோடைத் திறக்காமலே காரணத்தைச் சொல்லிட்டார்.

#14 யாப்பிலக்கணம்

தேடலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. "கொலுசு" என்று தேடினால் 18-இல் 13 மட்டும் வருகிறது. மீதி ஐந்தின் பெயரிலும் கண்ணுக்கு "கொலுசு" என்றுதான் இருக்கிறது.

காரணம் யூனிகோட். "கொ" என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுத முடியும். "க"-வுக்குப் பின் "ொ" என்ற ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என இரண்டு குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் இன்க்ளூட்ஸ் ஃபங்ஷனுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். அந்த ஐந்து பெயர்களையும் பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை மாற்றி ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "கோ", "கௌ" வரிசைகளுக்கும் இதே கதிதான்.

பெயர், தேடும் சொல் இரண்டையும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனுக்குள், என்எஃப்சி என்ற வடிவம் கொடுத்து அனுப்பிய பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு குறியும் ஒன்றாகிவிடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்தால் பயனில்லை.

நார்மலைஸ் தீர்க்காதது ஒன்று உண்டு: "ஸ்ரீ". சில விசைப்பலகைகள் அதை "ஸ"-வில் தொடங்கும், சில "ஶ"-வில் தொடங்கும். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, நீங்களே ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டும். சேலத்தில் கடைப் பெயர்களில் பாதி "ஸ்ரீ" என்றுதான் தொடங்கும் என்பதால் சொல்கிறேன்.

மொழிப் பக்கமும் இருக்கிறது. "வெள்ளிக்கொலுசு", "வெள்ளிக் கொலுசு", "வெள்ளி கொலுசு" மூன்றையும் மக்கள் தட்டுவார்கள். பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தேடுசொற்கள் என்று தனி அரே வைத்து, இந்த வடிவங்களை எல்லாம் அதில் எழுதிவிடுங்கள். 18 பொருள்தான், கையால் எழுதலாம். சந்தியைப் பிரிக்க நிரல் எழுதப் போகாதீர்கள், அது வேறு ஒரு வாழ்க்கை.

கடைசியாக, கார்டில் நீளமான பெயர்களை ஸ்லைஸ் கொண்டு 12-இல் வெட்டியிருக்கிறீர்கள். "சலங்கைக் கொலுசு" நம் கணக்கில் எட்டெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் புள்ளி, கொம்பு, சுழி, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 15 என்கிறது. 12-இல் வெட்டினால் "லு"-வின் சுழி உதிர்ந்து திரையில் வருவது: "சலங்கைக் கொல…". போய்ப் பாருங்கள், ஐந்தாவது கார்டு.

வெட்டுவதை சிஎஸ்எஸ்ஸிடம் விடுங்கள், லைன்-கிளாம்ப் கொண்டு இரண்டு வரியில் நிறுத்தினால் போதும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தெண்ணியே ஆகவேண்டும் என்றால் இன்டல் செக்மென்டர் இருக்கிறது. எச்டிஎம்எல் டேகில் மொழியைச் சொல்லும் லாங் (lang) இன்னும் ஆங்கிலம் என்றே இருக்கிறது. தமிழ் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும்.

#15 தட்டுவடைசெட்

"சலங்கைக் கொல". 87 லட்சம்னா கொல்லத்தான் செய்வாங்க.

என் பங்குக்கு: கணக்கிடு பட்டனுக்கு டேப் அடிச்சா போக மாட்டேங்குது, என்டர் அடிச்சாலும் அசையல. அது டிவ், வெறும் பெட்டி. பட்டனா மாத்துங்க. நட்சத்திரமும் அப்படித்தான்.

#16 பட்டறைப்பொண்ணு

மாத்தினேன் அண்ணா. இப்போ அமுக்கினா விடை மின்னல் மாதிரி வந்து போயிடுது. பெட்டியெல்லாம் காலியாகுது. மேல முகவரிக் கடைசியில ஒரு கேள்விக்குறி புதுசா வந்திருக்கு. டிவ்வா இருந்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு?

#17 குகைவாசி

அந்தக் கேள்விக்குறிதான் துப்பு. ஃபார்முக்குள்ள இருக்கிற பட்டனுக்கு டைப் சொல்லாட்டி அது சப்மிட். அமுக்கினதும் ஃபார்மை அனுப்பறதா நினைச்சு பக்கம் மறுபடி லோட் ஆகுது. டைப்பை பட்டன்னு மாத்தினா நிக்கும், ஆனா என்டர் வேலை செய்யாது. இதைவிட நல்ல வழி: பட்டன் சப்மிட்டாவே இருக்கட்டும், கிளிக்கை விட்டுட்டு ஃபார்மோட சப்மிட் நிகழ்வைக் கேளுங்க, பக்கம் மறுபடி லோட் ஆகாம இருக்க முதல் வரியில ப்ரிவென்ட் டிஃபால்ட் போடுங்க. கிளிக், என்டர், ஃபோன் கீபோர்டுல இருக்கிற "கோ" எல்லாம் ஒரே வழியா வந்து சேரும். நட்சத்திர பட்டன் ஃபார்முக்கு வெளிய இருக்கு, அதுக்கு இந்தத் தொல்லை இல்ல. ஆனா உள்ள வெறும் குறிதான் இருக்கு, திரைவாசிப்பான் படிக்கிற ஏரியா-லேபல்ல "பிடித்ததில் சேர்"னு எழுதுங்க.

#18 மேட்டூர்தண்ணி

வாட்ஸ்அப் பட்டன் யாருமே அமுக்கலையா? ரெண்டு தப்பு. நம்பருக்கு முன்னாடி கூட்டல் குறியும் பூஜ்ஜியமும் இருக்கு. 91, அதுக்கு அடுத்து பத்து இலக்கம், நடுவுல எதுவும் வேண்டாம். ரெண்டாவது, "சலங்கை & முத்து, 10 அங்குலம்"னு போக வேண்டியது "சலங்கை"யோட நின்னுடுது. முகவரியில அந்த & குறி வந்தா அடுத்த விவரம் ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், மிச்சம் போச்சு. டிசைன் நம்பருக்கு முன்னாடி # போட்டாலும் இதே கதி. செய்தியை மட்டும் என்கோட் யூஆர்ஐ கம்போனென்ட்டுக்குள்ள விடுங்க. முழு முகவரியையும் விட்டா கோலன், சாய்கோடு எல்லாம் மாறி லிங்க்கே செத்துடும்.

#19 பட்டறைப்பொண்ணு

ஆனதைச் சொல்றேங்க. கீ ரத்து. ஏபிஐயையே எடுத்துட்டேன், விலையும் தேதியும் ஒரே வரியில. பழைய ரெப்போ அழிச்சாச்சு, அதுல நாலு படத்துல நிஜமாவே ஜிபிஎஸ் இருந்துச்சு. படம் 18-ம் வெப்பி, மொத்தம் 1.2 எம்பி. சலங்கை வச்சது மூணுக்கு மட்டும் தரம் 82. விலைக் கணக்கு, இன்காக்னிட்டோ, வியூபோர்ட், கிரிட், நார்மலைஸ், ஃபார்ம், வாட்ஸ்அப் எல்லாம் தனித்தனி கமிட். அளவு அங்குலத்துல. தேடுசொல் இன்னும் 6 டிசைனுக்குத்தான் எழுதியிருக்கேன். பழைய விலை எச்சரிக்கைக்கு டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்ல முதல் 10 எழுத்தை எடுத்து இன்னைக்குத் தேதியோட ஒப்பிடறேன்.

#20 தட்டுவடைசெட்

85, 100, 600. விடை 9,373. ஏமாத்தமா இருக்கு.

#21 குகைவாசி

கமிட்டெல்லாம் பார்த்தேன், சுத்தமா இருக்கு. அந்தத் தேதியில மட்டும் ஒண்ணு: டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் உலக நேரத்துல கொடுக்கும், நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. நம்ம காலை 5.30 வரைக்கும் அது நேத்துத் தேதியையே சொல்லும், அதனால நேத்து விலை அதுவரைக்கும் புதுசாவே தெரியும். கெட்ஃபுல்இயர், கெட்மந்த், கெட்டேட் மூணையும் எடுத்து நீங்களே தேதியைக் கட்டுங்க. கெட்மந்த் ஜனவரியை 0-னு எண்ணும், 1 கூட்ட மறந்துடாதீங்க. அது எண்தான், ஒட்டாது.

#22 பட்டைக்கோவில்தெரு

நல்லா வந்திருக்கும்மா. 14-ஆவது டிசைன்ல ஜோடிப் படம்னு ஒத்தைக் கொலுசு இருக்கு, அதை மாத்திடு.